வாய்தாவுக்கு ஒரு நூல்கண்டு

எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது 43 ஊல் நூல்கண்டுகள் இருக்கின்றன. ஒரே நாளில் வாங்கியவை அல்ல. வன்கொடுமை வழக்கு ஒன்றில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாக நீதிமன்றம் போய்வருகிறேன். வழக்கு தள்ளிப்போய் வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறுவதற்கு முன் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு கண்டு வாங்குவேன். 43 வாய்தா, 43 கண்டு. வழக்கு இன்னும் நடப்பதால் எந்த நீதிமன்றம், எந்த ஊர் என்று எழுதவில்லை. புகார் கொடுத்த அம்மாவும் சாட்சிகள் மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கூலி சனங்கள் என்பது மட்டும் போதும்.

ராஜபாளையத்தில் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அக்கா, இத்தனை நூலை வச்சு என்னதான் பண்ணப்போறீங்க?" சின்னக் கேள்விதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

ராஜபாளையம் நூலால் வளர்ந்த ஊர். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ நூற்பாலைகள் வந்தன. பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிகளில் பேண்டேஜ் துணி ஓடுகிறது. நம் ஊர்க் காயங்களுக்குக் கட்டுப் போடும் காஸ் துணி அங்கிருந்து எங்கெங்கோ போகிறது. என் அம்மா 19 வருஷம் ஒரு ஆலையில் கோன் வைண்டிங்கில் நின்றவர். ஷிப்டுக்கு எத்தனை கோன் என்பது அவருக்குத் தெரியும். அந்த நூல் சேலையானதா, பனியனானதா, கட்டுத் துணியானதா என்பது தெரியாது. அது அவர் தீர்மானிக்கும் விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. அதே 1936இல்தான் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அதில் காட்டினார். நூலைச் சுற்றுகிற கை ஒன்று, அது என்னவாக வேண்டும் என்று முடிவு செய்கிற வாய் இன்னொன்று என்பதை வைத்து நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அதனால் 43 கண்டு நூலை என்ன செய்வது என்று நானே முடிவெடுக்கலாம் என்றபோது கொஞ்சம் தடுமாறினேன். யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. வாசலுக்குத் தோரணம் பின்னு என்றார் அத்தை. தொப்பி, சாக்ஸ் பின்னி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கொடு என்றார் ஒரு தோழர். மொபைல் பை பின்னி விற்றால் மையத்துக்கு வருமானம் என்றாள் ஒரு தங்கச்சி. எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் இந்த நூல் காத்திருந்த நாட்களின் கணக்கு. யார் காத்திருந்தார்களோ அவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்று எனக்குப் பட்டது.

இந்தக் காத்திருப்பைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 14(3)இன்படி விசாரணை நாள்தோறும் தொடர்ந்து நடக்க வேண்டும். மறுநாளைத் தாண்டித் தள்ளிவைத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதத்துக்குள் வழக்கு முடிய வேண்டும். எங்களுக்கு நடந்தது 43 வாய்தா. ஒருநாள் எதிரிகளில் ஒருவர் வரவில்லை. ஒருநாள் அவர்கள் வக்கீல் அவகாசம் கேட்டார். ஒருநாள் விசாரணை அதிகாரிக்கு வேறு பந்தோபஸ்து. ஒவ்வொரு முறையும் நான்கு பேருக்கு ஒருநாள் கூலி போனது.

வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். சாட்சி பயத்தால் மட்டும் பிறழ்வதில்லை, அலுப்பாலும் பிறழ்கிறார். "போதும் தாயி, சமாதானமாப் போயிருவோம்" என்று புகார் கொடுத்த அம்மா இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அடுத்த வாய்தாவுக்கு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த உட்காரலின் மேல்தான் வழக்கு நிற்கிறது.

அதனால் அவர்கள் நான்கு பேருக்கும் தோளில் போட ஆளுக்கொரு சால்வை பின்னுவது என்று முடிவு செய்தேன்.

ஏன் தோளுக்கு? என் தாத்தா ஊர்த் தெருவில் நுழையும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இந்தக் கதை இருக்கும். திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராட்டம் நடந்தது. 1859 அறிவிப்பில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றார்கள். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். அதே பகுதியில், நாகர்கோவிலில், மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாகப் பிறந்த பெண்பிள்ளைகள் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். ஊசியும் நூலும் நம் வரலாற்றில் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஆண்டாளுக்குப் பட்டு வஸ்திரம் வரும். கோயில்களில் பரிவட்டம் யாருக்குக் கட்டுவது, யாருக்கு முதலில் கட்டுவது என்பதில் நடக்கும் சண்டைகளை நாம் அறிவோம். நம் இயக்க மேடைகளிலும் தலைவர்களுக்குத்தான் பொன்னாடை போர்த்துகிறோம். நீதிமன்ற வராந்தாவில் 43 நாள் உட்கார்ந்த கூலிக்காரப் பெண்ணுக்கு யாரும் போர்த்தியதில்லை.

முடிவைச் சொன்னதும் எங்கள் வழக்கறிஞர் உடனே நிறுத்தினார். "சாட்சி விசாரணை முடியற வரைக்கும் ஒரு கைக்குட்டைகூடக் கொடுக்காதீங்க. குறுக்கு விசாரணையில 'இந்த அம்மா உங்களுக்கு என்னென்ன கொடுத்தாங்க'ன்னு கேப்பாங்க." அவர் சொன்னது சரி. பிரிவு 15ஏ, பாதிக்கப்பட்டவர்கள் சமூக ஊழியர்களின் உதவியைப் பெறலாம் என்கிறது. ஆனால் உதவியை லஞ்சமாகச் சித்தரிக்க ஒரு கேள்வி போதும். பாசத்தில் செய்யும் ஒரு காரியம் அவர்கள் சாட்சியத்தின் எடையைக் குறைத்துவிடக் கூடாது. போக்குவரத்துச் செலவையும் கூலி இழப்பையும் நம் பையிலிருந்து கொடுப்பதைவிட, 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆம் விதிப்படி அரசிடம் மனுக் கொடுத்து வாங்குவதுதான் முறை. அந்தப் பணம் அவர்களின் உரிமை. கேட்டு வாங்கப் பழக வேண்டும்.

ஆகவே சால்வை தீர்ப்புக்குப் பிறகு. தீர்ப்பு எப்படி வந்தாலும் கொடுப்போம். அதுவரை சதுரம் சதுரமாகப் பின்னிவைக்கப் போகிறோம். கணக்கு இது: நாலு அங்குலச் சதுரம் ஒன்று பின்னி எடை போட்டுப் பார்த்தேன், ஆறு கிராம். 60 அங்குல நீளம், 20 அங்குல அகலம் என்றால் 75 சதுரம், 450 கிராம். சதுரங்களை இணைக்கவும் ஓரம் கட்டவும் 50 கிராம். ஒரு சால்வைக்கு அரைக் கிலோ, நான்குக்கு இரண்டு கிலோ. 50 கிராம் கண்டுகள் 43 என்றால் 2,150 கிராம். போதும், கொஞ்சம் மிஞ்சும். நிறம் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதால்தான் சதுரம். எந்த நிறமும் வீணாகாது, ஓரம் மட்டும் எல்லாவற்றுக்கும் நீலம். நாம் ஊல் என்று சொன்னாலும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகம் இருந்தால் நுனியைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கட்டியாகும். இரண்டையும் கலந்து பின்னினால் துவைத்தபின் இழுத்துக்கொள்ளும். இந்த வெயில் ஊரில் எதற்குச் சால்வை என்பவர்கள், மார்கழியில் மலைக்காற்று வீசும்போது விடியுமுன் களையெடுக்கப் போகிறவர்களைக் கேட்கட்டும்.

மையத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் குரோஷா ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு விதி வைத்திருக்கிறோம். பின்னத் தொடங்கும் முன் ஒரு வாய்தாவின் விவரத்தை நோட்டில் எழுத வேண்டும்: தேதி, யார் அவகாசம் கேட்டார்கள், என்ன காரணம், அன்று வந்து திரும்பிய சாட்சிகள் யார். பழைய டைரியிலிருந்து 43ஐயும் எழுதி முடித்துவிட்டார்கள். அதை வைத்துத்தான் நாள்தோறும் விசாரணை கேட்டு மனுத் தயாராகிறது. எங்களுக்கு நினைவிருந்தது 'ரொம்ப நாளா இழுக்குறாங்க' என்பது மட்டும். நோட்டில் இருப்பது எந்தத் தேதியில் யார் இழுத்தார்கள் என்பது.

உங்கள் ஊரில் வன்கொடுமை வழக்கு நடந்தால் ஒருநாளாவது பாதிக்கப்பட்டவர்களோடு போய் உட்காருங்கள். போஸ்டர் ஒட்ட ஆள் இருக்கிறது, வராந்தாவில் உட்கார ஆள் குறைவு. நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். கையைச் சும்மா வைத்திருக்க முடியாதவர்கள் ராஜபாளையம் பக்கம் வந்தால் சொல்லுங்கள், ஊசியும் நூலும் நான் தருகிறேன். 300 சதுரத்தில் இதுவரை 61 முடிந்திருக்கிறது.

ஜெய்பீம்.