போட்டிக்குப் போகும் கன்றுக்குப் படர்தாமரை வந்தால்...

அமெரிக்காவில் ஐயோவா என்று ஒரு மாநிலம். சோளமும் பன்றியும் மாடும்தான் அங்கே கிராமத்துப் பிழைப்பு. ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் அதன் தலைநகரான டெமாயினில் மாநிலக் கண்காட்சி நடக்கிறது. அங்கே மாடு கொண்டு வருபவர்களுக்கு ஒரு விதி உண்டு. மரு, படர்தாமரை, குளம்பழுகல், கண்நோய், சீழ் வடியும் கட்டி, இவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் அந்த மாடு போட்டியில் கிடையாது. அபராதம் கட்டிவிட்டு உள்ளே போகலாம் என்ற பேச்சே இல்லை!

குளம்பழுகல் வந்தால் மாடு நொண்டும். கண்நோய் வந்தால் பார்வை போகலாம். ஆனால் படர்தாமரை வந்த கன்று பெரும்பாலும் வழக்கம்போலத் தின்னும், நடக்கும், எடை கூடும். ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் இரண்டு முதல் நான்கு மாதத்தில் தானாகவே ஆறிவிடும். அப்புறம் ஏன் இவ்வளவு கெடுபிடி?

அதற்கு முன்னால், இந்தக் கன்றுகளை யார் வளர்க்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 1902-ல் ஒஹையோ மாநிலத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சங்கம்தான் பின்னால் 'ஃபோர்-எச்' என்ற பெரிய இளைஞர் இயக்கமாக வளர்ந்தது. அதில் சேர்ந்த பையனோ பெண்ணோ இலையுதிர் காலத்தில் ஒரு கன்றை வாங்குவார்கள். பத்து மாதம் தீனி போட்டு, குளிப்பாட்டி, கயிற்றில் நடக்கப் பழக்கி, அடுத்த கோடையில் நடுவர் முன்னால் நிறுத்துவார்கள். தீனிச் செலவு எவ்வளவு, மருந்துச் செலவு எவ்வளவு என்று கணக்கும் எழுதவேண்டும். (வணிகவியல் படிக்கிறவர்களுக்குக் கேட்கவே சந்தோஷமாக இருக்கும்!) நல்ல கன்று என்றால் விலையே ஆயிரக்கணக்கான டாலர். போட்டியில் இடம் பிடித்தால் ஏலத்தில் நல்ல பணம் வரும், பல பிள்ளைகளுக்கு அது கல்லூரிச் செலவுக்கான சேமிப்பு. வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்தக் கணக்கு நோட்டில் வரவுப் பக்கம் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, நோய்க்கு வருவோம். நாம் இதற்குத் தாமரை என்று பூவின் பெயரை வைத்தோம். ஆங்கிலத்தில் புழுவின் பெயரை வைத்தார்கள். உண்மையில் இது பூவும் இல்லை, புழுவும் இல்லை. பூஞ்சை. மாடுகளில் பெரும்பாலும் வருவது ட்ரைக்கோபைட்டன் வெருகோசம் என்ற இனம். முடியிலும் மேல்தோலிலும் உள்ள கெரட்டின் என்ற பொருள்தான் அதற்கு உணவு. முடி உடைந்து விழும். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு கட்டும். கண்ணைச் சுற்றி, காது, முகம், கழுத்து என்று பார்த்தவுடன் தெரிகிற இடங்களில்தான் அதிகம் வரும்.

தொற்றிய அன்றைக்கே ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் நான்கு வாரம் கழித்துத்தான் முடி கொட்டும். அதற்குள் கன்று எத்தனையோ இடம் போய் வந்திருக்கும்! உதிர்ந்த முடியிலும் பொருக்கிலும் உள்ள வித்துகள் மரக்கம்பம், தீனித்தொட்டி, கயிறு இவற்றில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். ஒரு முறை வந்து ஆறிய மாட்டுக்கு நல்ல எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அதனால்தான் வயதான மாடுகள் தப்பித்துக்கொள்கின்றன, கன்றுகள் மாட்டிக்கொள்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வயலில் சும்மா மேய்கிற கன்றைவிட, பார்த்துப் பார்த்து வளர்க்கும் போட்டிக் கன்றுக்குத்தான் இது எளிதாக வருகிறது. மாட்டுக்கறிக்கான அங்கஸ், ஹெர்ஃபோர்ட், ஷார்ட்ஹார்ன் போன்ற இனங்களில் அடர்ந்த முடி இருந்தால் பார்வைக்கு எடுப்பு. கோடையில் முடி உதிராமல் இருக்க, கன்றைப் பகல் முழுதும் இருட்டான, குளிர்ந்த கொட்டகையில் விசிறிக்குக் கீழே கட்டுவார்கள். தினமும் தண்ணீரில் நனைத்து, சீவி, காற்றூதும் கருவியால் உலர்த்துவார்கள். ஈரம், இருட்டு, நெருக்கம்... பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்? அடிக்கடி சோப்புப் போட்டால் தோலின் இயற்கையான எண்ணெயும் போய்விடும். போட்டிக்கு முன்னால் முடி வெட்ட ஆள் வருவார். அவர் காலையில் ஒரு பண்ணை, மாலையில் இன்னொரு பண்ணை என்று அதே இயந்திரத்தோடு போவார். கத்தரிக்கும் பல் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், முந்தைய மாட்டின் வித்து அதில் இறங்கும். அழகுபடுத்தும் வேலையே நோயைப் பரப்பும் வேலையாகவும் ஆகிவிடுகிறது!

வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் கன்றைத் தனியாகக் கட்டவேண்டும். பொருக்கு இருக்கும்வரை மருந்து உள்ளே போகாது. அதனால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்து எடுக்கவேண்டும். இரத்தம் வரும்படி சுரண்டுவது வீரமில்லை, புண்தான் மிச்சம். எடுத்த பொருக்கைக் கீழே போட்டுவிட்டால் நோயை நாமே விதைத்த மாதிரி. சேர்த்து எரித்துவிட வேண்டும். கையுறை கட்டாயம், ஏனென்றால் இது மனிதனுக்கும் ஒட்டும். மாட்டிலிருந்து வரும் இந்தப் பூஞ்சை மனிதத் தோலில் வீங்கிச் சிவந்து சீழ் வைக்கும் அளவுக்குப் போகலாம். தலையில் வந்தால் தழும்பு விழுந்து அந்த இடத்தில் முடி முளைக்காமலே போவதும் உண்டு. கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நினைத்தால் வாசலில் காட்டும் கெடுபிடி அதிகமாகத் தெரியவில்லை.

பிறகு மருந்து. கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்த கரைசல் பழைய வைத்தியம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளை முடியை மஞ்சளாக்கும், ஆனால் வேலை செய்யும். அயோடின், குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் என்று வேறு பூச்சுகளும் உண்டு. ஐரோப்பாவில் எனில்கோனசோல் என்ற மருந்தை நீரில் கலந்து மூன்று நான்கு நாள் இடைவெளியில் சில தடவை உடம்பு முழுக்கத் தெளிக்கிறார்கள். எதைப் பூசினாலும் புண்ணின் விளிம்பைத் தாண்டிப் பூசவேண்டும். பூஞ்சை நடுவில் ஆறிக்கொண்டே வெளிப்பக்கம் நகர்கிற ஜாதி. ஒரு தடவை பூசிவிட்டு மறுநாள் போய்ப் பார்த்து "மருந்து சரியில்லை" என்று சொல்வதில் பயனில்லை.

மாத்திரை கொடுத்தால் என்ன என்று தோன்றும். மனிதர்களுக்கும் பூனைகளுக்கும் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் இருக்கிறதே! ஆனால் அமெரிக்காவில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதற்கு அனுமதி இல்லை. இந்தக் காயடித்த இளங்காளைகளில் பல, போட்டி முடிந்தவுடன் நேராக இறைச்சிக்கூடத்துக்குத்தான் போகின்றன. உடம்பில் எந்த மருந்தின் மிச்சமும் இருக்கக்கூடாது. அதனால் மேலே பூசும் மருந்தைக்கூடக் கால்நடை மருத்துவரைக் கேட்டுத்தான் போடவேண்டும்.

நாள் கணக்கும் முக்கியம். பூஞ்சை செத்தாலும் முடி முளைக்கப் பல வாரம் ஆகும். ஆகஸ்ட் போட்டிக்கு ஜூலை கடைசியில் விழித்துக்கொண்டால் நேரம் போதாது. அப்போதுதான் சிலர் குறுக்கு வழிக்குப் போவார்கள். கறுப்பு மாட்டின் வழுக்கை மேல் கறுப்பு வண்ணத்தை அடித்து மறைப்பார்கள். கண்ணுக்குத் தப்பலாம், மருத்துவர் விரலால் தடவினால் பொருக்கு சொரசொரவென்று தட்டுப்படும். ஆறிய இடம் வேறு மாதிரி இருக்கும், வழவழப்பான தோலில் பூனைமுடி போலப் புதுமுடி எட்டிப் பார்க்கும். நோய் உண்மையாகவே ஆறிவிட்டது என்றால் மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வண்ணம் அடிக்கிறவர் மோசமானவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவருடைய கணக்கைப் பாருங்கள். திரும்பிப் போனால் நஷ்டம் முழுவதும் அவருக்கு. உள்ளே நுழைந்துவிட்டால் லாபம் அவருக்கு, நஷ்டம் பக்கத்துக் கொட்டிலில் கட்டியிருக்கும் கன்றுக்காரருக்கு. அந்த நஷ்டமும் நான்கு வாரம் கழித்து அவர் ஊரில்தான் தெரியும். யாரால் வந்தது என்று எவராலும் சொல்லமுடியாது. பொருளாதாரப் பாடத்தில் ஆலைப் புகையை வைத்துச் சொல்லித்தருவார்களே, அதே கணக்குத்தான், புகைக்குப் பதில் பொருக்கு. இந்த மாதிரி இடத்தில் அவரவர் மனசாட்சியை நம்பிப் பயனில்லை, வாசலில் ஒருவர் தடவிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இதைவிடப் பெரிய வழி ஒன்று இருக்கிறது. சோவியத் நாட்டில் 1970-களில் இதற்குத் தடுப்பூசி கண்டுபிடித்தார்கள். வீரியம் குறைத்த உயிருள்ள பூஞ்சையை இரண்டு வாரம்போல இடைவெளி விட்டு இரண்டு தடவை ஊசியாகப் போடுவது. நார்வே நாடு அதை எடுத்துக்கொண்டு மந்தை மந்தையாகப் போட்டது. படர்தாமரை வந்த தோல் பதனிடும் ஆலையில் விலை போகாது என்பதும் அவர்களுக்கு ஒரு காரணம். சில ஆண்டுகளிலேயே நோய் அரிதாகிவிட்டது. ஐரோப்பாவில் பல நாடுகளில் ஊசி கிடைக்கிறது, ஆனால் அமெரிக்காவில் மாடுகளுக்கு உரிமம் பெற்ற படர்தாமரை ஊசி இல்லை. அதனால் ஐயோவாப் பிள்ளைகளுக்குச் சோப்பும் பிரஷ்ஷும்தான் ஆயுதம்.

அந்த ஆயுதம் அவ்வளவு மோசமில்லை. புதிதாக வாங்கிய கன்றை மூன்று நான்கு வாரம் தனியாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் தனிப் பிரஷ், தனிக் கயிறு. முடி வெட்ட வருபவரிடம் "எங்கள் பற்களைப் போட்டு வெட்டுங்கள்" என்று தயங்காமல் சொல்லவேண்டும். காலையில் கொஞ்ச நேரமாவது வெயிலில் கட்டவேண்டும், முடி கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை. நைலான் கயிற்றைக் கிருமிநாசினியில் ஊறவைத்துவிடலாம். போட்டியன்று மாட்டும் பளபளப்பான தோல்வாரை அப்படி ஊறவைத்தால் கெட்டுவிடும், அதனால் அதை யாரிடமும் இரவல் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

கொட்டகைக்கு வந்தால், பலரும் செய்கிற தப்பு சாணி ஒட்டிய கம்பத்தின் மேலேயே மருந்தை அடிப்பது. அழுக்கு இருந்தால் மருந்து மேலோடு நின்றுவிடும். முதலில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகு ஒரு பங்கு துணி வெளுக்கும் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அடிக்கவேண்டும். இரும்புக்கு அது ஆகாது, துருப்பிடிக்கும், அதனால் முடி வெட்டும் பற்களுக்கு வேறு கிருமிநாசினி. இந்த வேலைக்குச் சரியான நேரம் போட்டி முடிந்து கொட்டகை காலியாக இருக்கும் அந்த இரண்டு மூன்று மாதம். இலையுதிர் காலம் வந்தால் அடுத்த கன்று அதே கம்பத்தில் கழுத்தைத் தேய்க்க வந்துவிடும்.