விரல் நுனிகளை இழந்தவர் உருவாக்கிய இசை... பர்மிங்ஹாமில் ஒரு மெட்டல் உலா!

லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம், பர்மிங்ஹாம். நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கினால், தலையாட்டி வரவேற்கிறது ஒரு பிரமாண்ட இயந்திரக் காளை. 2022 காமன்வெல்த் போட்டித் தொடக்க விழாவுக்காகச் செய்யப்பட்டது. மக்கள் ஓட்டுப்போட்டு அதற்கு வைத்த பெயர் 'ஆஸி'.

'பிளாக் சபாத்' இசைக்குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் பெயர்தான் அது. இன்று உலகம் முழுக்க இளைஞர்கள் தலையை உலுக்கிக் கேட்கும் 'ஹெவி மெட்டல்' இசையின் பிறந்த வீடு இந்த ஊர்தான்!

ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் 'தி கிரவுன்' என்ற பழைய மதுக்கூடம் இருக்கிறது. 2014-லேயே மூடிவிட்டார்கள். 1968-ல் இதன் மாடியில் ப்ளூஸ் இசை மன்றம் ஒன்று நடந்தது. 'எர்த்' என்ற பெயரில் நான்கு இளைஞர்கள் இங்கே வாசித்தார்கள். அப்போது அவர்கள் வாசித்தது ப்ளூஸும் கொஞ்சம் ஜாஸும்தான்.

நால்வரும் பக்கத்திலிருக்கும் ஆஸ்டன் பகுதிப் பிள்ளைகள். உலகப்போர் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். படிப்பு முடிந்தால் தொழிற்சாலை வேலை என்பதுதான் அங்கே எழுதப்படாத விதி. ஆஸி, கார் ஹாரன் சோதிக்கும் வேலையும் பார்த்தார், இறைச்சிக்கூடத்திலும் இருந்தார்.

கிடாரிஸ்ட் டோனி ஐயோமிக்கு 17 வயது. தகட்டுத் தொழிற்சாலையில் அன்று அவருக்குக் கடைசி நாள். இயந்திரத்தில் சிக்கி, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் துண்டாகிவிட்டன. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். மனமொடிந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் கிடாரில் சாதித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது அது.

ஐயோமி, பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். விரல் வலிக்காமலிருக்க மெல்லிய தந்திகளை மாட்டினார். பின்னாளில் தந்திகளின் முறுக்கையும் தளர்த்தினார். அதனால் ஸ்ருதி இறங்கியது, ஒலி கனத்தது!

1969-ல் குழுவின் இசையே மாறியது. ஒத்திகை நடக்கும் இடத்துக்கு எதிர்த் தியேட்டரில் பேய்ப்படம். ஜனங்கள் காசு கொடுத்துப் பயப்பட வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, 'இசையிலும் பயமுறுத்தினால் என்ன?' என்று தோன்றியது. நம் கல்யாணி ராகத்தில் இனிக்கும் பிரதி மத்யமத்தை, ஸட்ஜத்துக்கு எதிரே மெதுவாக, பலமாக நிறுத்தினார்கள். கேட்டவர்களுக்குத் திகில்! அந்தப் பாட்டின் பெயரே குழுவின் பெயரானது. ஒரே நாளில் பதிவு செய்த முதல் ஆல்பம், 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது.

பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாய்க்கு மேலே உள்ள பாலத்துக்கு இப்போது 'பிளாக் சபாத் பாலம்' என்று பெயர். நால்வரின் முகங்கள் பதித்த இரும்பு பெஞ்ச் அங்கே இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி, சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட அறப்பணிகளுக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. 17 நாள் கழித்து, 76 வயதில் அவர் காலமானார்.

ஜூலை 30 அன்று இறுதி ஊர்வலம் அந்தப் பாலத்தில் நின்றது. அவர் மனைவியும் பிள்ளைகளும் இறங்கி வந்து, பெஞ்ச் அருகே குவிந்திருந்த பூக்களைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். சாலையின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர். ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளையை அந்த ஊர் அப்படித்தான் வழியனுப்பியது.