அரைக் கிலோ வாயு

எங்கள் வீட்டுக் காண்டெஸா 1993ஆம் ஆண்டு வண்டி. அதன் குளிர்சாதனத்தில் சுழன்றுகொண்டிருந்தது ஆர்-12 என்னும் வாயு. மருந்துத் தேவை நீங்கலாக, இந்தியா அவ்வாயுவின் உற்பத்தியை 2008இலேயே நிறுத்திவிட்டது. எங்கோ பதுங்கிக் கிடந்த உருளைகளிலிருந்து சில ஆண்டுகள் கிடைத்தது. பிறகு அதுவும் நின்றது. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிக் காலம் தள்ளினார். அவருக்குப் பின், வாரம் மும்முறை அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு பிள்ளைகள் மூவருக்கும் வந்தது. சிகிச்சை முடிந்து துவண்டு வருகிறவரால் காலை நீட்டிப் படுக்க முடிந்தது அந்த அகலமான பின்னிருக்கையில் மட்டுமே. சென்னையின் மே மாதத்தில் அந்த இருக்கை அடுப்பாகிவிடும். ஆகவே வண்டியை விற்பதா, வாயுவை மாற்றுவதா என்ற கேள்வி எங்களுக்கு வெறும் பழம்பொருள் மோகமாக இருக்கவில்லை.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் கார் ஏஸி வேலை செய்யும் பாய் ஒருவரிடம் போனோம். அதற்கு முன் விசாரித்த இரண்டு இடங்களில் மலிவான வழிகள் சொன்னார்கள். ஒன்று, சமையல் எரிவாயுக் கலவையை ஏற்றிவிடுவது. நன்றாகவே குளிரும், ஆனால் கூலிங் காயில் கசிந்தால் எரியக்கூடிய வாயு நேரே பயணிகளின் மடியில் வந்து இறங்கும். மற்றொன்று, எதையும் கழற்றாமல் ஆர்-134ஏ என்னும் புதிய வாயுவை அப்படியே அடித்துவிடுவது. பாய் இதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஆறு மாசம் ஓடும் சார். அப்புறம் கம்ப்ரஸர் ஜாம்."

காரணம் எண்ணெயில் இருக்கிறது. கம்ப்ரஸருக்கு உயவு தரும் எண்ணெய் வாயுவோடு கலந்து குழாயெங்கும் சுற்றித் திரும்பி வந்தாக வேண்டும். ஆர்-12உடன் இழைந்து போகும் கனிம எண்ணெய், ஆர்-134ஏயுடன் கலப்பதில்லை. எங்கோ ஒரு வளைவில் தங்கிவிடுகிறது. கம்ப்ரஸர் வறண்டு தேய்கிறது. எனவே பழைய எண்ணெயை இயன்றவரை வடித்து, எஸ்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். மிச்சம் மீதி ஒட்டியிருக்கும் பழைய எண்ணெயையும் அது பொறுத்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் ட்ரையரை மாற்ற வேண்டும்; ரப்பர் ஓ-ரிங்குகளையும் மாற்ற வேண்டும். புதிய வாயுவை நிரப்புவதும் பழைய எடையில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்குதான்.

இதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வெயில். 20 பாகையில் இரண்டு வாயுக்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. கண்டென்சர் 60 பாகையைத் தொட்டால் பழையது 15 பார் என்றால் புதியது 17ஐ நெருங்கும். குளிர்நாட்டு அனுபவத்தை நம்பி இங்கே பழைய கண்டென்சரையே வைத்துக்கொள்வது வீண் என்பது பாயின் கட்சி. புதிதாக ஒன்றும், கூடுதலாக ஒரு மின்விசிறியும் பொருத்தினார். செலவு ஏறியது, அண்ணன் முகம் சுருங்கியது.

உண்மையான வாக்குவாதம் வேறிடத்தில் எழுந்தது. குழாயில் எஞ்சியிருக்கும் பழைய வாயுவை என்ன செய்வது? ஒரு நட்டைத் தளர்த்தினால் சீறிக்கொண்டு வெளியேறிவிடும். மணமில்லை, நஞ்சில்லை, யாரும் இருமப்போவதுமில்லை. 1930இல் தாமஸ் மிட்ஜ்லி அதை அறிஞர்கள் முன்னிலையில் மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டியதும் இந்தச் சாதுத்தன்மையை நிறுவத்தான். (பெட்ரோலில் ஈயத்தைச் சேர்த்தவரும் அவரே. ஒரு மனிதருக்கு இவ்வளவு கைராசி ஆகாது!) அந்த வாயு மேலேறி, உயரத்தில் குளோரினை உதிர்த்து ஓசோனைத் தின்னும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் துளை தெரிந்தது. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது.

தம்பி கணக்குப் போட்டான். ஆர்-12 ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 10,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அரைக் கிலோ மிஞ்சியிருந்தால்கூட ஐந்தரை டன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தரும் எங்கள் வண்டி 23,000 கிலோமீட்டர் ஓடிக் கக்குகிற புகை, ஒரு நட்டைத் திருகும் நேரத்தில்.

பாயிடம் மீட்பு எந்திரம் இல்லை. ஆனால் வழி இருந்தது. காலி உருளையொன்றை வேக்குவம் போட்டு, ஐஸ்கட்டி நிறைந்த தொட்டியில் அமிழ்த்தி, குழாயை இணைத்தார். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வாயு தானே நகர்ந்தது. முழுதும் வரவில்லை, பெரும்பகுதி வந்தது. பழைய ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவர்கள் அதை வாங்கிக்கொள்வார்களாம். அங்கேயும் ஒருநாள் அது கசியும் என்றார் அண்ணன். கசியலாம். கையிலிருந்ததை நாங்களே திறந்துவிடுவதும் அதுவும் ஒன்றல்ல என்பது எங்களில் இருவரின் எண்ணம். அந்த விவாதம் இன்னும் தீரவில்லை.

புதிய வாயுவும் புனிதமானதன்று. ஓசோனை அது தொடுவதில்லை. வெப்பக் கணக்கில் ஏறக்குறைய 1,430. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் அதற்கு இடமளிக்கவில்லை. அங்கே ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. அது இலேசாகத் தீப்பற்றும்.

இப்போது வண்டி குளிர்கிறது. நடுப்பகலில் சிக்னலில் நின்றால் முன்னைப்போல் இல்லை. நகரத் தொடங்கியதும் சரியாகிவிடுகிறது. பானெட்டின் உட்புறத்தில் வாயுவின் பெயர், எண்ணெயின் வகை, நிரப்பிய கிராம், தேதி நான்கையும் ஒரு வில்லையில் எழுதி ஒட்டச் சொன்னோம். நாளை வேறொரு கடையில் யாரோ ஒருவர் குழாயைச் செருகுமுன் அதைப் படிப்பார்.