துன்பத்தில் அகலாத துணை

பண்ணைப்புரத்தாருக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலை கண்ணுக்கு இனிய காட்சி மட்டும் அன்று. பல வீடுகளில் அடுப்பெரியச் செய்வதும் அதுவே. மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் பொழுது புலருமுன் தூக்குச்சட்டியில் சோறெடுத்து, ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியே அங்குச் சென்று, மாலையில் திரும்புவர். அன்றாடக் கூலியே அவர்கள் குடும்பத்துக்கு ஆதாரம்.

அவ்வழி அடைபட்டதை நாம் கண்டிருக்கிறோம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்று அணை குறித்த பூசல் மூண்டபோது ஒருமுறை. கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது மற்றொரு முறை. பின்னைய முறை ஆலயக் கதவுகளும் சேர்ந்தே அடைபட்டன. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்யவும் இயலாமற்போயிற்று.

அந்நாட்களில் ஒருநாள், எங்கள் தெருவில் ஏலக்காய் பறிக்கச் செல்லும் கைம்பெண் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மலையும் பூட்டிக் கெடக்கு, கோயிலும் பூட்டிக் கெடக்கு. ஆண்டவர் எங்க இருக்காரு, டீச்சர்?"

அது அவநம்பிக்கையின் கேள்வி அன்று. நம்பியவர் நெஞ்சில்தான் அத்தகைய கேள்வி எழும்.

நம் மண்ணில் அக்கேள்வி முன்னரே எழுந்ததுண்டு. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் புரிந்தவர். கால்நடைகள் மடிந்து, பயிர்கள் அழிந்து, அவர் மனம் சோர்ந்திருந்தார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவரான டிலனாய், அந்நண்பருக்கு ஆறுதலாக யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அனைத்தையும் இழந்த யோபு, தம் துன்பத்துக்குக் காரணம் கேட்டார். விளக்கம் அவருக்குக் கிட்டவில்லை. ஆண்டவரே அவருக்குக் கிட்டினார். அது நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் என்னும் பெயரை ஏற்றார். இறைவனே துணை என்பது அதன் பொருள்.

அப்பெயரைச் சூடியபின் அவருடைய துன்பங்கள் தீர்ந்தனவா? இல்லை, அன்பர்களே! 1749-இல் சிறை, கசையடி, எருமைமீது அமர்த்தி ஊர் ஊராக நடத்திச் சென்ற அவமானம், முடிவில், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. துன்பத்தை அகற்றுவது மட்டுமே துணை எனில், அப்பெயர் பொய்த்துப் போயிருக்கும். அது பொய்க்கவில்லை. துன்பம் அகலாத வேளையிலும் தம்மைவிட்டு அகலாதவரை அவர் கண்டுகொண்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே.

ஊரடங்கின் தொடக்கத்தில், 2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த, ஆளரவமற்ற புனித பேதுரு சதுக்கத்தில், காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் நற்கருணை ஆண்டவரை ஏந்தி உலகுக்கு ஆசி வழங்கினார். அன்று அவர் சிந்தித்தது, புயலில் சிக்கிய படகைப் பற்றிய நற்செய்தி. சீடர் அஞ்சினர், ஆண்டவரோ உறங்கினார். எனினும் அவர் கரையில் நின்று பார்த்திருக்கவில்லை; அதே படகில் அவர்களோடு இருந்தார்.

இதனை எனக்கு இன்னும் தெளிவாய் உணர்த்தியவர் அந்தச் சகோதரியே. அரிசி அட்டைதாரர்க்கு அரசு விலையில்லா அரிசியும் 1,000 ரூபாயும் வழங்கிய அந்த ஏப்ரலில், அவர் தம் அரிசியில் இரண்டு படி அளந்து, அட்டை இல்லாத பக்கத்து வீட்டு மூதாட்டிக்குக் கொடுத்தார். "உங்களுக்கே பற்றாதே, அம்மா" என்றேன். "இத்தனை நாள் பட்டினி போடாம வச்சிருக்காரே, டீச்சர். பாட்டிய மட்டும் விட்ருவாரா?" என்றார்.

ஆண்டவர் எங்கே என வினவியவரின் கைகளிலேயே, அம்மூதாட்டிக்கு ஆண்டவர் வந்தார்.

நோயோ, கடனோ, வேலையிழப்போ நம் இல்லத்தைத் தாக்கும்போது, இறைவனிடம் கேள்வி கேட்க நாம் அஞ்ச வேண்டியதில்லை. யோபு கேட்டார், சீடரும் கேட்டனர். ஆனால் கேட்டபின் அவரை விட்டு விலகாதிருப்போம். மாலையில் குடும்பமாகக் கூடிச் செபமாலை சொல்லும்போது, நமக்கு நேர்ந்த துன்பங்களோடு, அத்துன்ப வேளையில் நம் வாசற்படி ஏறி வந்தவர்களையும் பெயர் சொல்லி ஒப்புக்கொடுப்போம். அவர்களை எண்ணத் தொடங்கினால், நாம் ஒருநாளும் தனித்து விடப்படவில்லை என்பது விளங்கும்.