கை நடுங்கத்தான் செய்யும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோச் என் மேகசினை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்று தோட்டாக்களை நிரப்பினார். ஐந்து. திருப்பிக் கொடுத்து, "சுடு மா" என்றார். முதலாவது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு விசையை இழுத்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வெடிக்கவில்லை. ஆனால் என் கை, வெடித்த மாதிரியே ஒரு வெட்டு வெட்டிக் கீழே குனிந்தது. கண்ணும் ஒருமுறை மூடித் திறந்தது.

எனக்குத் தெரியாமல் இடையில் ஒரு டம்மி தோட்டாவைச் செருகியிருந்தார்.

"பாத்தியா? துப்பாக்கி ஒண்ணும் பண்ணல. பண்ணினது பூரா நீதான்."

நான்கு மாதமாக என் குண்டுகள் ஏன் இடது பக்கம் கீழே, ஆறிலும் ஏழிலும் போய் விழுகின்றன என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சைட் சரியில்லை என்று நினைத்தேன். தோட்டா சரியில்லை என்று நினைத்தேன். கிளப் பிஸ்டலே கிழடு என்றுகூட வீட்டில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அத்தனை சாக்கும் ஒரு டிக் சத்தத்தில் போய்விட்டது.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள். துப்பாக்கிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. உடன் வேலை பார்க்கும் அக்காவின் மகளை ரைபிள் கிளப்பில் சேர்க்கத் துணைக்குப் போனேன். அந்தப் பிள்ளை மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. அப்போது எனக்கு 31 வயது. முதல் ஒன்றரை வருடம் 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அதில் காற்றழுத்தத்தில் போவது ஒரு சின்ன ஈயக்குண்டு. சத்தமும் உதைப்பும் பெயருக்குத்தான். அங்கே என் ஸ்கோர் நன்றாகவே இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் 25 மீட்டருக்கு, .22 செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்குப் போனேன். ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு தோட்டா வெடிக்கும். அந்த விசையே காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். சுடுகிறவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விரலை நேராகப் பின்னால் இழுப்பது. அந்த ஒன்றுதான் வரவில்லை.

நான் பிஸ்டல் சுடுகிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்தத் துப்பாக்கி பெஸ்ட்?" நானும் கேட்டவள்தான். இத்தாலியின் பார்டினி, ஜெர்மனியின் வால்தர், சுவிட்சர்லாந்தின் மோரினி என்று பெயர்களை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். விலை லட்சங்களில். சொந்தமாக வாங்குவதென்றால் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், அதற்கு அலைய வேண்டும். என் போன்றவர்களுக்குக் கிளப் துப்பாக்கிதான். அது கிளப்பின் பூட்டிய அறையைவிட்டு வெளியே வராது, தோட்டாக்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள்.

இந்தப் போட்டிப் பிஸ்டல்களைப் பார்த்தால் சினிமாத் துப்பாக்கி மாதிரியே இருக்காது. மேகசின் கைப்பிடிக்குள் இல்லாமல் விசைக்கு முன்னால் இருக்கும். அதனால் கைப்பிடியை இஷ்டத்துக்குச் செதுக்கலாம். அது மரத்தில், உள்ளங்கையின் மேடு பள்ளங்களோடு, யாரோ ஒருவரின் கையை அச்செடுத்த மாதிரி இருக்கும். விதிகளும் உண்டு: 25 மீட்டர் பிஸ்டல் 1400 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விசை குறைந்தது 1000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். ஏர் பிஸ்டலுக்கு அது 500 கிராம்தான். இந்த இரட்டிப்பை விரல் முதல் நாளே கண்டுபிடித்துவிடும்.

கோச் பழைய ராணுவ ஹவில்தார். எது பெஸ்ட் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கிளப்பில் இருந்த மூன்று பிஸ்டல்களையும் வரிசையாக மேசையில் வைத்தார். "கண்ண மூடிக்கோ. ஒண்ண எடுத்துப் பிடி. குறி வைக்கிற மாதிரி கையத் தூக்கு. இப்பக் கண்ணத் திற." திறந்தேன். முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இல்லை; வலப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்ததில் மேலே ஏறி நின்றது. பார்க்க அசிங்கமாக, பெயின்ட் உரிந்து கிடந்த மூன்றாவதில் மட்டும் ஏறக்குறைய நடுவில் இருந்தது. "அதான் உன் துப்பாக்கி. பேரு என்னான்னு அப்புறம் பாத்துக்கலாம்." நான் ஆசைப்பட்டது முதலாவதன் மேல். கண்ணை மூடிய கைக்கு அந்த ஆசை தெரியவில்லை.

ஆனால் அந்த மூன்றாவதும் ஏறக்குறையத்தான். கிரிப், என் கையைவிடப் பெரிய கைக்குச் செய்தது. விரலின் முதல் கணு விசையில் நேராகப் பதிய வேண்டும். எனக்கு எட்டிப் பிடித்தால் நுனிதான் படும். நுனியால் இழுத்தால் விசை பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளும். வலது கைக்காரர்களுக்குக் குண்டு இடது பக்கம் ஓடும்.

இதற்குமேல் நடுக்கம் வேறு. ஒரு கிலோவுக்கு மேல் எடையை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்தால் நடுங்காத மனிதர் உலகத்தில் இல்லை. முதல் வருடம் முழுக்க நான் கையை ஆடாமல் வைக்கத்தான் முயன்றேன். முன் சைட் கறுப்பு வட்டத்தின் அடியில் அலைந்துகொண்டே இருக்கும். சரியான இடத்துக்கு வருகிற அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து, வந்ததும் 'இப்போ' என்று வெடுக்கென இழுப்பேன். போச்சு.

கோச் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு எனக்குப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே சுமார் 22 சென்டிமீட்டர். கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், 25 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையிலும் குண்டு ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் பின் சைட் அசையாமல், முன் சைட் மட்டும் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால், அட்டையில் 11 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். பத்தின் வட்டம் 5 சென்டிமீட்டர் அகலம். பத்தில் விழ வேண்டியது ஆறில் விழும்.

"கை ஆடட்டும் மா. கை நடுங்கத்தான் செய்யும். ரெண்டு சைட்டும் சேந்து ஆடுனா உனக்கு எட்டு, ஒம்பது, பத்துதான். நீ ஆடாம நிக்கப் பாக்குற. அதுலதான் கெடுக்கிற."

ஆகவே பார்வை அட்டையில் இருக்கக் கூடாது. அட்டை மங்கலாகத்தான் தெரிய வேண்டும். கண் முழுக்க முன் சைட்டின் விளிம்பில், அதன் இரண்டு பக்கமும் தெரிகிற வெளிச்சக் கோடுகளில். அவை சமமாக இருக்கிறவரை, கை அலைந்துகொண்டிருக்கும்போதே, விரல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியக் கூடாது. வெடித்த பிறகும் ஒரு நொடி அப்படியே நிற்க வேண்டும்.

இதெல்லாம் புரிந்தது. புரிந்த பிறகும் கை குனிந்தது. புரிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை டம்மி தோட்டா காட்டிக்கொடுத்தது. உதைப்பு வருவதற்கு முன்பே உடம்பு அதை எதிர்பார்த்து, தடுக்கப் பார்க்கிறது. துப்பாக்கி புதிதாகச் சுடுகிற எல்லோருக்கும் இது கொஞ்சம் வரும், பழகப் பழகப் போய்விடும் என்றார் கோச். எனக்குப் போகவில்லை. காதடைப்பானுக்கு மேல் இன்னொரு காதடைப்பான் போட்டுப் பார்த்தேன். குண்டில்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்து வெறும் கையை நீட்டி, தினமும் அரை மணி நேரம் விரலை மட்டும் மடக்கிப் பழகினேன். டம்மி என்று தெரிந்தால் கை மலை மாதிரி நிற்கும். நிஜமும் டம்மியும் கலந்திருக்கும்போது குனிந்துவிடும்.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போதுதான் அந்த அசைவு எங்கோ பழக்கமானது என்று தோன்றியது.

என் அப்பா தச்சு ஆசாரி. நல்ல வேலைக்காரர், பொல்லாத கோபக்காரர். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது அவருடைய முக்கால் அங்குல உளியை எடுத்து ஒரு டப்பா மூடியை நெம்பினேன். உளியின் வாய் சிதறிவிட்டது. முழக்கோலை எடுத்தார். "நீட்டு." நீட்டினேன். கோல் இறங்குவதற்கு ஒரு நூல் முன்னால் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. நான் இறக்கவில்லை, அதுவே இறங்கியது. கையை இழுத்ததற்கு ஒன்று கூட. அதற்கும் இறங்கியது. அதற்கு இன்னொன்று. அது ஒரு நாள் மட்டும் நடந்ததல்ல. கண்ணை மூடிக்கொண்டு கையை அசையாமல் நீட்ட ஒவ்வொரு முறையும் முயன்றிருக்கிறேன். ஒருமுறைகூட முடிந்ததில்லை.

டம்மிக்குக் குனிந்த கை அந்தக் கைதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எல்லோருக்கும் வருகிற ஒன்றுக்கு நான் கதை கட்டுகிறேனோ என்னவோ. ஆனால் அந்த பஸ்ஸில் என் வலது உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அப்பாவுக்கு இப்போது பார்க்கின்சன். நான்கு வருடமாக மாத்திரை. வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டிருப்பது போல ஆடும். யாராவது வந்தால் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார். வேலைக்குப் போவதில்லை. உளிகளை எண்ணெய் தடவிப் பையில் கட்டி வைத்திருக்கிறார்.

கிளப்பில் ஒரு பழைய கிரிப் உதிரியாகக் கிடந்தது. வெறும் மரம். "இத எடுத்துட்டுப் போயி உன் கைக்கு ஏத்த மாதிரி ராவிக்கோ" என்று கோச் கொடுத்தார். யாரிடம் போவது? டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பா முன்னால் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "நம்ம ஊரு மரமில்ல."

"வால்நட்பா."

"எவன் கைக்குட்டி இழைச்சான் இத?"

"பொதுவா எல்லாருக்கும் செஞ்சது."

"எல்லாருக்கும் சேத்து ஒரு பிடியா?" சிரித்தார். "உளிக்குப் பிடி கடைல வாங்குறவன ஆசாரின்னு நாங்க சொல்ல மாட்டோம்."

மணிக்கட்டுக்கு மேல் மரம் ஏறக் கூடாது, உள்ளங்கையைத் தாங்குகிற அடிப்பலகை செங்கோணத்துக்குக் குறையக் கூடாது என்று விதிகளைச் சொன்னேன். ஒரு முறை கேட்டார், திரும்பக் கேட்கவில்லை. சாக்பீஸைத் தூளாக்கச் சொன்னார். "கையக் கொண்டா."

நீட்டினேன். அவர் கை மேலே வந்தது. என் கை குனிந்தது.

அதே வெட்டு. கோச் பார்த்த அதே அசைவு. அப்பா பார்த்துவிட்டார். அவர் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், வாய் வரவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் கையை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க, பட்டறைப் பலகையின் மேல் வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். நான்தான் என் கையை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

சாக்பீஸ் தூளை உள்ளங்கை முழுக்கத் தடவினார். கிரிப்பைப் பிடித்து எடுத்தால், மரத்தில் எங்கெங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கெல்லாம் கை தொடுகிறது. ஒட்டாத இடம் வெற்றிடம். அதிகம் ஒட்டிய மேட்டை ராவினார். வெற்றிடத்தில் மரத்தூளோடு எம்-சீல் பிசைந்து அப்பினார். காய்ந்ததும் மறுபடி தூள், மறுபடி பிடி, மறுபடி அரம். பின்பக்கத்தில் மட்டும் நாலு நாள் ராவினார். கை முன்னால் போய் உட்காரட்டும், அப்போதுதான் விரல் விசைக்கு எட்டும் என்று அவரேதான் கண்டுபிடித்தார். துப்பாக்கியை அவர் பார்த்ததே இல்லை.

அரத்தைப் பிடித்ததும் அவர் கை நடுங்கவில்லை. சும்மா இருக்கும்போது ஆடுகிற கை, வேலையில் இறங்கியதும் அடங்கிவிடுகிறது. டாக்டரிடம் கேட்டேன். பார்க்கின்சன் நடுக்கத்தின் இயல்பே அதுதான், ஓய்வில் வரும், செயலில் குறையும் என்றார். அப்பாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். "அப்ப ஏன் வேலையக் கட்டி வச்சீங்க?" "நடுங்குற கைய நம்பி எவன் நிலை கொடுப்பான்?"

உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த கடைசி நாள் கேட்டார்: "சுடும்போது உனக்குக் கை ஆடாதா?"

"ஆடும்பா. எல்லாருக்கும் ஆடும்."

"பெரிய ஆளுகளுக்கும்?"

கரோலி டகாக்ஸின் கதையைச் சொன்னேன். ஹங்கேரிய ராணுவத்துக்காரர். 1938இல் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து, சுடுகிற வலது கை சிதைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இடது கையால் முதலிலிருந்து பழகினார். 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம். அப்பா உப்புத்தாளை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இடது கைக்குத் தனிப் பிடி செஞ்சிருப்பான்" என்றார். அவருடைய கவலை அது.

போன மாதம் ஒரு போட்டிக்குப் போனேன். முதலில் நிதானச் சுற்று, 30 குண்டுகள். அடுத்து வேகச் சுற்று: கையைத் தாழ்த்தி நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் உயர்த்தி, மூன்று நொடிக்குள் ஒரு குண்டு. ஏழு நொடி இடைவெளி. மறுபடி மூன்று நொடி. அதில் யோசிக்க நேரமில்லாததால் பயப்படவும் நேரமில்லை. ஆச்சரியமாக அதில்தான் எனக்கு நல்ல ஸ்கோர். நிதானத்தில் கொடுத்துவிட்டேன். அடுத்த கட்டத்துக்குத் தேர்வாகவில்லை.

வந்து சொன்னதும் அப்பா பிடியைக் கேட்டார். கிளப்பில் இருக்கிறது என்றேன். "சுண்டுவிரல் பக்கம் இன்னும் ஒரு நூல் எடுக்கணும். அடுத்த தடவ வரும்போது கழட்டிக் கொண்டா" என்றார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் கை துண்டுக்கு வெளியில்தான் இருந்தது, ஆடிக்கொண்டு.

நேற்று கோச் மறுபடி திரும்பி நின்று மேகசின்களை நிரப்பினார். மொத்தம் ஐந்து டம்மி, எங்கே வரும் என்று தெரியாது. நான்கில் கை அப்படியே நின்றது. ஒன்றில் குனிந்தது.

"பரவால்ல மா" என்றார். நான் மேகசினைக் கழற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "இன்னொரு தடவ போடுங்க சார்."