சேறு அள்ளும் கோல்

2023 நவம்பரில் பிரான்சின் வடகோடியிலுள்ள பா-த-கலே மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. வீடுகளில் ஈரம் காய்வதற்குள் 2024 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம். செய்தியில் வந்த பெயர்களில் ஒன்று சேந்த்-ஒமேர். பாரிஸ் லா சப்பல் கடைகளுக்கு வடக்கிலிருந்து காய்கறி ஏற்றிவரும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. "அண்ணை, அங்க தண்ணிக்கு நடுவில தோட்டம் செய்யிற சனம் இருக்கு. வள்ளத்திலதான் காய் வரும். நீங்கள் ஒருக்கா வந்து பாக்கவேணும்" என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோடையில் பூக்கோசுப் பருவம் தொடங்கியதும் அவருடைய வேனில் ஏறிக்கொண்டேன்.

சேந்த்-ஒமேர் சுமார் பதினைந்தாயிரம் பேர் வாழும் சிற்றூர். பேராலயம், பழைய மடத்தின் இடிபாடு, செங்கல் வீடுகள் என்று பார்ப்பதற்கு நிறைய உண்டு. அவற்றைப் பயண வழிகாட்டி நூல்கள் சொல்லும். நான் போனது ஓ-பொன், லிசெல் என்ற புறநகர்ப் பகுதிகளுக்கு. அங்கே வீடுகள் வரிசையாகக் கால்வாயைப் பார்த்து நிற்கின்றன. வாசலுக்கு எதிரே படகு கட்டிக் கிடக்கிறது. இந்தத் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சதுப்புநிலத் தோட்டக்காரர்கள். ஊரின் மற்றவர்கள் பிரெஞ்சு பேசிய காலத்திலும் இவர்கள் வெகுநாள் பிளெமிஷ் மொழியே பேசினார்கள்.

சதுப்பு நிலம் ஊரின் விளிம்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 3,700 ஹெக்டேர். அதற்குள் ஓடும் வாய்க்கால்களின் மொத்த நீளம் 700 கிலோமீட்டர் என்கிறார்கள். அதில் படகு தாராளமாகப் போகக்கூடியது 170 கிலோமீட்டர் அளவுதான். மீதியெல்லாம் இரண்டு தோட்டங்களைப் பிரிக்கும் ஒடுங்கிய நீர்க்கோடுகள். 7ஆம் நூற்றாண்டில் இங்கே மடம் அமைத்த துறவிகள் காலத்திலிருந்து இந்த நிலத்தை மனிதர்கள் வெட்டி வடித்துச் செய்துவந்திருக்கிறார்கள். வாய்க்காலில் எடுத்த மண்ணைக் கரையில் போட்டு மேடாக்கினால் அது தோட்டம். நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்தத் துண்டுக்கு உள்ளூரில் லேக்ர் என்று பெயர். விறகு போல எரிக்க நீருக்கடியிலிருந்து கரிமண்ணை வெட்டி எடுத்த இடங்கள் பெரிய குளங்களாக நிற்கின்றன. ரொமெலார் குளங்கள் அப்படி வந்தவை. இன்று அவை அரசின் இயற்கைக் காப்பிடம். சதுப்பு நிலம் முழுவதுக்கும் 2008இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. 2013இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

பெரிய படகுக்குப் பக்கோவ் என்று பெயர். தட்டையான அடி, மேலே தூக்கிய இரு முனைகள், சுமார் பத்து மீட்டர் நீளம். பூக்கோசு, உருளைக்கிழங்கு, எரு, மாடு, குதிரை எல்லாம் இதில் போயிருக்கின்றன. டிராக்டர்கூடப் படகேறித்தான் சில தோட்டங்களுக்குப் போகிறது. ஒருவர் இருவர் போக எஸ்கூத் என்ற சிறு படகு. இரண்டையும் ஓக் மரத்தில் கட்டுவார்கள். கட்டும் பட்டறைக்குப் போனோம். பலகையைச் சூடுகாட்டி வளைத்து ஆணியடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இன்று மரப்படகு கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவர்களும் மரபை விரும்புபவர்களும்தான். தோட்டக்காரர்கள் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் எப்போதோ மாறிவிட்டார்கள். அது அவர்களுக்கு வசதி. அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் விடிவதற்கு முன் நண்பருக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் எங்களைத் தம் படகில் ஏற்றிக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர். தோட்டத்தை இப்போது மகள் பார்க்கிறார். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளாமலே வேலை செய்கிறார்கள். பூக்கோசு வெளுப்பாக இருக்க வேண்டுமென்றால் வெயில் படக்கூடாது. அதனால் பூ திரளும் சமயத்தில் அதன் இலையையே ஒடித்து மேலே மூடிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு செடியிடமும் குனிய வேண்டும். ஒரே நாளில் நட்ட செடிகளும் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகவே அதே வரிசையில் மறுபடி மறுபடி நடந்து, இலையை விலக்கிப் பார்த்து, முற்றியதை மட்டும் கத்தியால் அறுக்க வேண்டும். அறுத்த பூவைச் சுற்றி இலையில் பாதியை விட்டு நறுக்குகிறார்கள். அடிபடாமல் ஊர் போய்ச்சேர அதுதான் பாதுகாப்பு. மகள் அறுத்துப் போடும் வேகத்துக்கு என் கண் ஈடு கொடுக்கவில்லை. மண் கறுப்பு. கையில் எடுத்தால் கனமே இல்லை.

பெரியவரின் கொட்டகைச் சுவரில் ஒரு கோல் சாய்ந்திருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். நுனியில் இரும்பு வளையம், வளையத்தில் வலைப்பை. அதற்குப் பகெர்நெத் என்று பெயர் சொன்னார். படகில் நின்றபடி வாய்க்காலின் அடியில் அதை இழுத்தால் சேறு பையில் நிறையும். தண்ணீர் வடிய வடியத் தூக்கிப் படகில் கொட்ட வேண்டும். படகு நிறைந்ததும் தோட்டத்தில் இறைக்க வேண்டும். அவருடைய தந்தைக்குக் குளிர்காலம் முழுக்க இதுதான் வேலை. பையன் பள்ளி விட்டு வந்ததும் படகின் மறுமுனையில் நின்று அது சாயாமல் பார்த்துக்கொள்வான்.

"நிமிர்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். அதனால் அப்பா நிமிரவே மாட்டார்" என்றார்.

குழந்தைகள் கரையோரம் போனால் மரி க்ருவெத் கொக்கியால் இழுத்துப் போய்விடுவாள் என்று இந்தச் சதுப்பு நிலத்தில் ஒரு கதை உண்டு. நீருக்கடியில் வாழும் சூனியக்காரி. சிறுவயதில் அவளுக்குப் பயந்தீர்களா என்று கேட்டேன். "எனக்கு அப்பாவின் கோலைத்தான் பயம். என்றைக்காவது அது என் கைக்கு வரும் என்று தெரியும்" என்றார். பதினைந்து வயதில் வந்தது. முப்பது வயது வரை அள்ளியிருக்கிறார். பிறகு இயந்திரம் வந்தது. இப்போது மிதவையில் ஏற்றிய தோண்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துத் தூர் வாருகிறார்கள். இரு தோள்களிலும் அவருக்கு இன்னும் வலி இருக்கிறது. கோலைத் தூக்கிக்காட்டச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் கையை உயர்த்திய விதத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

அந்தச் சேற்றில்தான் எல்லாம் இருக்கிறது. வாரினால் வாய்க்கால் ஆழமாகிறது, தோட்டத்துக்கு உரம் கிடைக்கிறது, மேடும் உயர்கிறது. வாராவிட்டால் சில ஆண்டுகளில் தண்ணீர் நிற்கும் இடம் குறைகிறது. நாணல் ஏறுகிறது. நீர்எலி கரையைக் குடைகிறது. மோட்டார் படகின் அலை மீதியைக் கரைக்கிறது. முளையடித்துக் கரை கட்டுவதும் வாய்க்காலோரம் வில்லோ மரங்களைக் கழிப்பதும் அதே கைகளின் வேலை. பெரிய கால்வாய்களையும் நீரேற்று நிலையங்களையும் வத்ரேங் என்ற நிலவுடைமையாளர் சங்கங்கள் வரி வசூலித்துப் பார்த்துக்கொள்கின்றன. சிறு வாய்க்கால் கரைக்காரரின் பொறுப்பு. அவர் தோட்டத்தை விட்டால் வாய்க்காலுக்கு ஆளில்லை. இந்தத் தாழ்நிலத்துக்கு வரும் ஆ ஆற்றின் நீர் வத்தென் இடுக்கு வழியாகக் கிராவ்லின் போய்க் கடலில் சேர வேண்டும். கடல் வற்றும் நேரத்தில்தான் மதகு திறக்க முடியும். அதுவரை மழைநீர் எங்கே நிற்கும்? இந்த வாய்க்கால்களில்தான். 2023 மழை இவற்றின் கொள்ளளவை வெகுவாக மீறியது உண்மை. தூர் வாரியிருந்தால் அந்த வெள்ளமே வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாராமல் விட்டால் அடுத்த மழைக்குள் இன்னும் கொஞ்சம் இடம் போயிருக்கும், அதற்கடுத்த மழைக்குள் இன்னும் கொஞ்சம்.

ஒருகாலத்தில் இங்கே நூற்றுக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் இருந்தன. இன்று நாற்பதைச் சுற்றித்தான். ஏன் என்று பெரியவரிடம் கேட்டேன். மகள் பதில் சொன்னார். சமவெளியில் இதே காயை இயந்திரம் நட்டு, லாரி வயல் ஓரத்துக்கே வந்து ஏற்றுகிறது. இங்கே ஒவ்வொரு பெட்டியும் படகில் ஏறி இறங்க வேண்டும். கொள்முதல்காரருக்கு இரண்டும் ஒரே காய், ஒரே விலை. அவர் தொலைபேசியில் சொல்லும் விலை காலையில் ஒன்று, மாலையில் வேறு. அறுத்த பூ காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும். அவரை வைத்திருக்கும் பேரங்காடிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

எனக்கு இங்கே கோபம் வருகிறது. 2018இல் விவசாயிக்கு நியாய விலை கிடைக்கட்டும் என்று எகலிம் சட்டம் கொண்டுவந்த நாடு இது. ஐந்தாண்டு கடந்து 2024 ஜனவரியில் இதே நாட்டின் விவசாயிகள் டிராக்டர்களோடு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சட்டம் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு தலைப் பூக்கோசின் விலையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்கத் தெரியாதா? இடையில் இருப்பவர் குனியவில்லை, சேறு வாரவில்லை, கரைக்கு முளையடிக்கவில்லை. விலையை அடித்துக் குறைக்கும்போது அவர் காயை மட்டும் மலிவாக வாங்கவில்லை. கரை கட்டும் கூலியையும் தூர் வாரும் வாடகையையும் சேர்த்துப் பறித்துக்கொள்கிறார். கரை சரிந்தபின் அதே வேலையைப் பொதுப்பணத்தில் செய்ய வேண்டிவருகிறது. யுனெஸ்கோ பலகை வைக்கலாம், படகு விழா நடத்தலாம், பயணிகளை ஏற்றிப் பறவை காட்டலாம். எல்லாம் நல்லவைதான். ஆனால் அந்தப் பறவைகள் இறங்குவது தோட்டக்காரர் காத்து வைத்த தண்ணீரில். அதற்கு அவருக்கு வரும் ஒரே கூலி காயின் விலைதான். அதில் கைவைப்பது திருட்டு. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மகள் இப்போது விளைச்சலில் ஒரு பங்கைக் கொள்முதல்காரருக்குக் கொடுப்பதில்லை. கரையிலேயே ஒரு மேசை போட்டு விற்கிறார், சந்தைக்கும் எடுத்துப் போகிறார். அந்தப் பணம்தான் இந்த ஆண்டு தூர் வாரும் இயந்திரத்துக்கு வாடகை கொடுத்தது என்றார்.

பாரிஸில், லீலில் இருக்கும் நம்மவர்கள் பலர் கோடையில் கலே பக்கம் கடல் பார்க்கப் போவதுண்டு. சேந்த்-ஒமேர் அந்த வழியில்தான். சனிக்கிழமை காலை ப்ளாஸ் போஷ் சதுக்கத்தில் சந்தை கூடும். பூக்கோசு ஜூன் தொடங்கி இலையுதிர்காலம் வரை கிடைக்கும். யார் தோட்டத்துக் காய் என்று விற்பவரிடமே கேளுங்கள். சதுப்பு நிலத்துக் காய் என்றால் வாங்குங்கள், விலை குறைத்துக் கேட்காதீர்கள்.