பவர் பட்டனைக் கொல்வது எது?

திறன்பேசியின் பக்கவாட்டில் உள்ள பவர் பட்டன் அன்றாடப் பயன்பாட்டிலேயே தேய்ந்துவிடும் என்ற அச்சம் பயனாளர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. திரையை இருமுறை தட்டி விழிக்கச் செய்யும் வசதியையும், திரையின் ஓரத்தில் மிதக்கும் மென்பொருள் பட்டனையும் பலர் நாடுவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். ஆப்பிள் நிறுவனம் 2011ஆம் ஆண்டு ஐஓஎஸ் 5 இயங்குதளத்துடன் அறிமுகப்படுத்திய ‘அசிஸ்டிவ் டச்’ என்னும் மிதவைப் பட்டன், பட்டனை அழுத்துவதில் சிரமம் உள்ளவர்களுக்காக அமைக்கப்பட்டதாக இருந்தும், அத்தகைய சிரமம் ஏதும் இல்லாதவர்களும் ஹோம் பட்டனைக் காப்பாற்றும் உபாயமாக அதைக் கையாண்டனர். இந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதற்கு உற்பத்தியாளர்களின் தரவுத் தாள்கள் ஒரு விடை தருகின்றன; பழுதான பட்டன்கள் நாள்தோறும் வந்துசேரும் மேசைகள் வேறொரு விடை தருகின்றன. அந்த இரண்டாவது விடையை அறியும் பொருட்டு, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதனருகே உள்ள நரசிங்கபுரம் தெருவிலும் இயங்கும் செல்போன் பழுதுபார்ப்புக் கடைகள் இக்கட்டுரைக்குக் களமாகக் கொள்ளப்பட்டன.

முதலில் பட்டனின் அமைப்பை விளக்குவது தேவையாகிறது. விரல் படும் வெளித்துண்டு வெறும் மூடி மட்டுமே. அதன் உட்புறத்தில் சிறிய முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்; அந்த முனை, உள்ளே ஒளிந்துள்ள சுவிட்சை அழுத்துகிறது. சுவிட்சின் உயிர்நாடி ‘டோம்’ எனப்படும் குவிந்த மெல்லிய எஃகுத் தகடு. தகர டப்பாவின் மேடான மூடியைக் கட்டைவிரலால் அமுக்கும்போது அது ‘டக்’கென்று உள்வாங்கி, விட்டவுடன் மேலெழுவதைப் போலவே இத்தகடும் இயங்குகிறது. உள்வாங்கும் கணத்தில் அது நடுவிலுள்ள தொடுமுனையைத் தீண்டி, பவர் இணைப்பில் காத்திருக்கும் மின்னழுத்தத்தைத் தரைக்கு இறக்குகிறது. அந்த இறக்கத்தையே கைபேசி ‘அழுத்தப்பட்டது’ என்று புரிந்துகொள்கிறது. இச்சுவிட்ச் நேரடியாக மின்சுற்றுப் பலகையில், கடைக்காரர்களின் வழக்கில் ‘போர்டில்’, பற்றவைக்கப்பட்டிருக்கலாம். அல்லது ‘ஸ்ட்ரிப்’ என்று அவர்கள் அழைக்கும், தாள்போல் வளையும் மெல்லிய மின்பட்டையின் நுனியில் அமர்ந்திருக்கலாம்.

இவ்வகைச் சுவிட்சுகளின் ஆயுள், ரகத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 1 லட்சம் அழுத்தங்களில் தொடங்கி 10 லட்சம் வரை எனத் தரவுத் தாள்களில் குறிக்கப்படுகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 80 முறை பவர் பட்டனை அழுத்துவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 29,200 அழுத்தங்கள் ஆகின்றன; அந்தக் கணக்கில் மலிவான சுவிட்ச் மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்று முன்பே தன் ஆயுளை எட்டிவிடும், 5 லட்சம் தாங்கும் சுவிட்சோ 17 ஆண்டுகள் உழைக்கும். நாளுக்கு 10 முறை மட்டுமே அழுத்தப்படும் வால்யூம் பட்டன், மலிவான ரகமாகவே இருந்தாலும், 27 ஆண்டுகளைக் கடக்க வேண்டும். ஆகவே தேய்மானம் என்பது கற்பனையன்று. ஆனால் பெரும்பாலான கைபேசிகள் அதற்கு வெகு முன்பே பேட்டரியாலோ திரையாலோ கைவிடப்படுகின்றன. இந்தத் தூய கணக்கு, வியர்வையும் தூசியும் இல்லாத சோதனைக்கூடத்தில், எந்திர விரல் நேர்செங்குத்தாக அழுத்தும் நிலைமைக்கு உரியது என்பதே ரிச்சி தெருவில் கற்க வேண்டிய பாடம்.

வானொலி உதிரிபாகக் கடைகளில் தொடங்கி, தொலைக்காட்சி, கணினி, செல்போன் எனக் காலத்துக்கேற்பச் சரக்கை மாற்றிக்கொண்டு வளர்ந்த தெரு அது. அங்கே மாடிப்படிக்குக் கீழே, இரண்டு ஸ்டூல் போடும் அளவுக்கே இடமுள்ள ஒரு கடையை நடத்துபவர் ஐம்பதைக் கடந்தவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர். தெருவில் அனைவருக்கும் ‘அண்ணாச்சி’. அவருடைய தொழில் வாழ்க்கையே பட்டன்களின் வரலாறாக அமைந்திருக்கிறது. டேப் ரெக்கார்டர்களின் ‘ப்ளே’ பட்டன் நிற்காமல் எகிறுவதைச் சரிசெய்யும் எடுபிடியாகச் சேர்ந்தவர், பிறகு தொலைக்காட்சி ரிமோட்களின் ரப்பர் விசைகளைக் கழுவிக் கொடுத்தார். இரண்டாயிரத்துக்குப் பின் நோக்கியா கைபேசிகளின் காலம் வந்தபோது கீபேட் மாற்றுவதே அவருடைய பிழைப்பாயிற்று.

குறுஞ்செய்திக் காலத்தின் விசை உழைப்பு இன்றைய பவர் பட்டன் காணாத ஒன்று. ‘சாப்டியா’ என்று ஆங்கில எழுத்துகளில் கேட்பதற்குள் ஏழாம் எண் விசையை மட்டும் ஐந்து முறை அழுத்த வேண்டியிருந்தது. அப்படியிருந்தும், 2003இல் வெளிவந்து உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்ற நோக்கியா 1100 கைபேசியில் எழுத்து அழிந்துபோன விசைகள்கூட வேலை செய்துகொண்டிருந்தன என்பதை அண்ணாச்சி அழுத்திச் சொல்கிறார். அக்கைபேசியின் முகப்பில் விசைகள் தனித்தனியாக அன்றி ஒரே ரப்பர் விரிப்பாக வார்க்கப்பட்டிருந்ததால், தூசி உள்ளே இறங்க இடைவெளியே இல்லை. “அமுக்கி அமுக்கிச் செத்த பட்டன் குறைச்சல், அழுக்கு ஏறிச் செத்ததுதான் அதிகம்” என்று அவர் தம்மிடம் தொழில் பழகும் இளைஞரிடம் சொல்வது, நீண்ட அனுபவத்தின் சுருக்கம்.

கைபேசியைச் சூடேற்றித் திறக்கும் வேலை பார்ப்பதற்குச் சலிப்பானது. அதைப் பழகுநரே செய்துவிடுகிறார். அண்ணாச்சியின் கை இறங்குவது ஸ்ட்ரிப் வெளிப்பட்ட பிறகுதான். பழுதுமேசைக்கு வந்த ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி, தானாக அணைந்து, நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டி, மீண்டும் அணைந்துகொண்டே இருந்தது. மென்பொருள் கோளாறு என்று கருதி வேறொரு கடையில் அதன் தரவுகள் முழுவதும் அழிக்கப்பட்டிருந்தன. அண்ணாச்சி மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தரையிணைப்பில் வைத்து, மறுமுனையால் பவர் இணைப்பைத் தொட்டார். பட்டனை யாரும் அழுத்தாதபோது ஏறத்தாழ 1.8 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் எண் பூஜ்யத்தை ஒட்டித் தத்தளித்தது. அதாவது சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, கைபேசியிடம் ‘அழுத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் கைபேசி கட்டாயமாக மறுதொடக்கம் ஆகும் ஏற்பாடு வன்பொருளிலேயே இருப்பதால், ஒட்டிய பட்டன் ஓயாத மறுதொடக்கமாக வெளிப்படுகிறது.

உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது டோமின் விளிம்பைச் சுற்றிப் பச்சை நிறப் படிவு தெரிந்தது: வியர்வையின் உப்பு, செம்பை அரித்ததன் தடயம். அதன்மேல் சட்டைப்பையின் பஞ்சு நூலும், முகப்பவுடர் போன்ற வெண்பொடியும் பசையாகக் கெட்டித்திருந்தன. எஃகுத் தகட்டில் விரிசலோ பள்ளமோ இல்லை. ‘ஐபிஏ’ என்று கடைக்காரர்கள் குறிப்பிடும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டு, மயிர் குறைத்த தூரிகையால் தேய்த்து, மிதமான வெப்பக்காற்றில் உலர்த்தி, இடுக்கியின் பின்பக்கத்தால் டோமை மெல்ல அழுத்தியதும் ‘டக்’ ஒலி திரும்பியது, மீட்டரும் 1.8ஐக் காட்டியது. எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை.

பழுதுமேசைகளில் கேட்டறிந்தவற்றைத் தொகுத்தால், பட்டனின் சாவுக்கு நான்கு காரணங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒன்று, மேற்கண்ட அழுக்கும் வியர்வையும். கடற்கரை நகரத்தின் ஈரக்காற்று இதற்குத் துணை. இரண்டு, சரியாகப் பொருந்தாத உறை: ‘பவுச்’ அல்லது ‘பேக் கேஸ்’ எனப்படும் இதன் தடித்த விளிம்பு பட்டனை இடைவிடாமல் மெலிதாக அழுத்திக்கொண்டிருப்பதால் டோம் தன் குவிவை இழக்கிறது. மூன்று, கீழே விழுதல்: சட்டகம் மயிரிழை வளைந்தாலும் மூடியின் முனை சுவிட்சின் மையத்தை விட்டு விலகி ஓரத்தில் குத்துகிறது, போர்டின் விளிம்பில் பற்றவைக்கப்பட்ட சுவிட்சாயின் அதன் ஈயப்பற்று விரிகிறது. நான்கு, முந்தைய பழுதுபார்ப்பு: திரை மாற்றும்போது இழுபட்ட ஸ்ட்ரிப்பில் கண்ணுக்குத் தெரியாத முறிவு ஏற்பட்டு, சில வாரங்கள் கழித்துப் பட்டன் விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்குகிறது. உண்மையான தேய்மானம், அதாவது டோம் களைத்துத் தளர்வதும் தொடுமுனையின் பூச்சு உரிந்துபோவதும், ஐந்தாவதாகவே வருகிறது; அதுவும் மலிவான கைபேசிகளில், ஒரே பட்டனைக் கொண்டு எல்லாவற்றையும் செய்யும் பயனாளர்களிடம்.

பெருநிறுவனங்களும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. 2014 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், 2013 மார்ச் வரை தயாரிக்கப்பட்ட ஐபோன் 5 கைபேசிகளில் ஒரு சிறு பகுதியின் பவர் பட்டன் செயலிழக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, அதைக் கட்டணமின்றி மாற்றித்தரும் திட்டத்தை அறிவித்தது. 2016இல் வந்த ஐபோன் 7இல் ஹோம் பட்டன் அசைவதேயில்லை. விரலின் அழுத்தத்தை உணர்ந்து, உள்ளிருக்கும் அதிர்வுக் கருவி அழுத்தியது போன்ற உணர்வை மட்டும் எழுப்புகிறது. 2017இல் ஐபோன் எக்ஸ் அந்த ஹோம் பட்டனையே நீக்கிவிட்டது. 2019இல் விவோவும் மெய்சுவும் அசையும் பட்டன் ஒன்றுகூட இல்லாத முன்மாதிரிகளைக் காட்டின. அவை பெருஞ்சந்தைக்கு வரவில்லை. மென்பொருள் உறைந்து நின்றுவிடும் நேரத்தில் கைபேசியை மீட்க, நம்பகமான ஒரு பட்டன் இன்னும் தேவைப்படுகிறது.

இனி, பட்டனின் பொருளாதாரம். டோம் சுவிட்ச் என்பது சில ரூபாய்ச் சரக்கு. ஆனால் அது தனியாகக் கிடைப்பது அரிது. பெரும்பாலான மாடல்களுக்குச் சீனாவின் ஷென்சென் நகரத்து ஹுவாச்சியாங்பெய் சந்தையிலிருந்து முழு ஸ்ட்ரிப்பாகவே அது புறப்படுகிறது. தில்லி கரோல்பாகின் கஃபார் சந்தை போன்ற மொத்த விற்பனை மையங்கள் வழியாகவும் பிற இறக்குமதியாளர்கள் வழியாகவும் ரிச்சி தெருவை அடைந்து, அங்கிருந்து மாவட்டத் தலைநகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் செல்கிறது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. தரம் பற்றிய பொறுப்பு மட்டும் ஒவ்வொரு கையிலும் நழுவுகிறது. ‘ஒரிஜினல்’, ‘ஓஜி’, ‘காப்பி’ என்ற பெயர்களை நிர்ணயிப்பது எந்தத் தர நிறுவனமும் அல்ல, மொத்த வியாபாரியின் வாய்ச்சொல்தான். போலி ஸ்ட்ரிப் சில மாதங்களில் செத்துப்போனால் வாடிக்கையாளரின் வசவைக் கேட்பவர் மெக்கானிக். மொத்த வியாபாரியோ ‘ஃபிட்டிங் ஆனதை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்’ என்ற ஒரே வாக்கியத்தில் கணக்கை முடித்துவிடுகிறார். லாபம் மேலே தங்குவதும் பழி கீழே இறங்குவதும் ஆகிய இந்த ஏற்பாட்டில், தேய்மானம் அதிகம் காண்பது பட்டனைவிட மெக்கானிக்கின் பெயர்.

இடைத்தரகரைக் குறைசொல்லி நிறுத்துவதும் நியாயமாகாது; பட்டனையே பூட்டாக மாற்றியதில் உற்பத்தியாளருக்கும் பங்குண்டு. 2013இன் ஐபோன் 5எஸ் முதல் ஹோம் பட்டனில் கைரேகை உணரியும் சேர்க்கப்பட்டு, அது தன் போர்டுடன் மட்டுமே பேசுமாறு இணைக்கப்பட்டது. வெளிக்கடைகளில் அந்தப் பட்டனை மாற்றிக்கொண்ட சில ஐபோன் 6 கைபேசிகள் மென்பொருளைப் புதுப்பித்ததும் ‘பிழை 53’ என்ற அறிவிப்புடன் முடங்கின. 2016இல் இது பெரும் சர்ச்சையாயிற்று. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், வெளிக்கடையில் பழுதுபார்த்ததைக் காரணம் காட்டி வாடிக்கையாளரின் உரிமையை மறுத்ததற்காக, 2018இல் அந்நாட்டு நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இன்று பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பவர் பட்டனும் கைரேகை உணரியும் ஒன்றாகிவிட்டதால், சில ரூபாய்ச் சுவிட்சின் பழுது, விலை கூடிய ஒரு முழுத் தொகுதியின் பழுதாக உயர்ந்துவிட்டது.

2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல்வடிவமைப்பு விதிகள், அசையும் பட்டன்கள் உள்ளிட்ட உதிரிபாகங்கள், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்குப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அதே ஆண்டு இணையவாசலையும் திறந்தது. நிறுவனங்களின் சேவை விவரங்களை அது ஓரிடத்தில் தொகுக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடைக்கு அசல் ஸ்ட்ரிப் எந்த விலையில் வர வேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

ஆகவே பயனாளர் பட்டனை அழுத்த அஞ்ச வேண்டியதில்லை. உறை பட்டனை நெருக்குகிறதா என்று பார்ப்பதும், வியர்வை படிந்த விளிம்பை உலர்ந்த துணியால் துடைப்பதும், இருமுறை தட்டும் பழக்கத்தைவிடப் பயன் தரும். ஆனால் களம் உணர்த்தும் கசப்பான முடிவு வேறொன்று. மறுதொடக்கத்தில் சிக்கிய அந்தக் கைபேசியின் உரிமையாளர் அதைத் திரும்பப் பெற்றபோது கேட்ட முதல் கேள்வி, “என்ன மாத்துனீங்க?” என்பதே. எதுவும் மாற்றவில்லை என்றதும் கேட்ட கூலியில் பாதியைக் குறைத்துக் கொடுத்தார். கழுவினாலே சரியாகும் பட்டனுக்கும் புதிய ஸ்ட்ரிப் மாட்டிவிடுவதே லாபம் என்பதை அருகில் நின்ற பழகுநர் அன்று கற்றுக்கொண்டிருப்பார். பாகத்துக்கு விலை கொடுத்து அறிவுக்கு விலை மறுக்கும் சந்தையில், அண்ணாச்சியின் தூரிகை வேலையைக் கற்பதற்கு அடுத்த தலைமுறைக்குக் காரணம் ஏதும் இல்லை.